துறைமுகத்தில் விலங்கியல்: தொகுதி, சிற்றினம், சொந்தபந்தம் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எல்லாரையும் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகூட அங்கே வந்தால் கேள்வி மேல் கேள்வி கேட்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்களில் பெற்றோரும் உண்டு, ஏலக்கூடத்து அக்காக்களும் உண்டு.

தொகுதி என்றால் என்ன சார்? எம்.எல்.ஏ. தொகுதி மாதிரியா?

வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுச் சிரிக்க வைப்பார்கள். அந்தத் தொகுதிக்கு ஆறும் ரோடும் எல்லை. விலங்குத் தொகுதிக்கு உடம்பு கட்டப்பட்டிருக்கும் விதம்தான் எல்லை. மேஸ்திரி ஒரே பிளானை வைத்துக்கொண்டு சின்ன வீடும் கட்டலாம், மூன்று மாடியும் கட்டலாம். நத்தையும் கணவாயும் அப்படித்தான். பார்க்க ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனால் பிளான் ஒன்று. ஒரு தொகுதிக்குள் இருக்கிற எல்லா விலங்குக்கும் எங்கோ பின்னால் ஒரே பாட்டன் இருக்கிறார் என்பதுதான் இதன் அர்த்தம்.

மொத்தம் சுமார் 35 தொகுதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டை ஆளுக்கு ஆள் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் வருவது 11. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் கடலடியிலும் மணல் இடுக்கிலும் கிடக்கும் சின்னஞ்சிறு உயிர்கள்.

தொகுதிக்குக் கீழே வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், கடைசியில் சிற்றினம். மாவட்டம், வட்டம், ஊர், தெரு, கதவு எண் என்று விலாசம் எழுதுவது போல.

துறைமுகத்தில் ஒரே நாளில் எத்தனை தொகுதிகளைப் பார்க்கலாம்?

கண்ணைத் திறந்து வைத்திருந்தால் எட்டு.

போன தடவை வலையிலிருந்து கொட்டிய விலைபோகாத கழிவில் ஒரு கூடை கேட்டேன். "கழிவுல என்னா சார் பாடம்? நல்ல சங்கரா இருக்கு, அத வாங்கிட்டுப் போங்க" என்றார் மீன் பிரித்துக்கொண்டிருந்த அக்கா. பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துக் கொட்டினோம். மேலாக வழவழவென்று ஒரு சொறி (ஜெல்லி மீன்); குழியுடலி. அதைக் கையால் எடுக்கப் போன பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், செத்த சொறியின் கொட்டும் செல்கள்கூட வேலை செய்யும். அடுத்து நண்டு, இறால்; கணுக்காலிகள். சங்கு, மட்டி, கணவாய், மெல்லுடலிகள். ஐந்து கையோடு ஒரு நட்சத்திர மீன், முட்தோலி. மத்தி, குட்டித் திருக்கை, முதுகுநாணிகள். பழைய சங்கு ஓட்டின் மேல் மஞ்சளாக ஒட்டியிருந்தது கடற்பஞ்சு, துளையுடலி. அதே ஓட்டில் மண் குழாய் கட்டிக் குடியிருந்த ஒரு புழுவை ஊசியால் தள்ளி வெளியே எடுத்தோம். மண்புழுவின் கடல் பங்காளி, வளைதசைப்புழு. எட்டாவது எங்கே என்று பிள்ளைகள் தேடினார்கள். பிளேடால் ஒரு மீனின் வயிற்றைக் கீறினேன். குடலை ஒட்டிச் சுருண்டு கிடந்தது உருளைப்புழு. அன்றைக்கு இரண்டு பேர் வீட்டில் மீன் சாப்பிடவில்லையாம். நன்றாக வெந்த மீனில் அந்தப் புழு செத்துவிடும், நமக்குத் தொற்றாது என்று அவர்கள் அம்மாக்களுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

கணவாய் எப்படி சார் நத்தைக்குச் சொந்தம்? ஓடே இல்லையே?

ஓடு இருக்கிறது, உள்ளே இருக்கிறது. முதுகுப் பக்கத் தோலை நீளவாக்கில் கீறினால் வெள்ளையாக, படகு வடிவில் ஒரு வில்லை வழுக்கி வெளியே வரும். கரையில் ஒதுங்கும் அதைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்கள், கிளிக் கூண்டில் கட்டித் தொங்க விடுகிறார்கள். கணவாய்க்கு அது வெறும் பழைய நினைவுச் சின்னம் கிடையாது. உள்ளே இருக்கும் நுண்ணிய அறைகளில் வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்து மேலே வரவும் கீழே போகவும் அதைப் பயன்படுத்துகிறது.

இன்னும் கொஞ்சம் கீறிப் பார்த்தால் வேடிக்கை நிறைய. கைகள் கூடும் இடத்தில் கிளி மூக்கு மாதிரி கறுத்த அலகு. மைப் பை (சட்டை கெட்டுப்போகும், தள்ளி நில்லுங்கள்). மூன்று இதயம்: இரண்டு செவுள்களுக்கு, ஒன்று மிச்ச உடம்புக்கு. ரத்தத்தில் நமக்கு இரும்பு போல அதற்குத் தாமிரம், அதனால் காற்றுப் பட்டால் நீலம் தட்டும். கண் கிட்டத்தட்ட நம் கண் மாதிரியே இருக்கும். ஆனால் அது நம்மிடமிருந்து வந்ததும் இல்லை, நாம் அதனிடமிருந்து வாங்கியதும் இல்லை. இரண்டு வம்சமும் தனித்தனியாகக் கண்டுபிடித்தவை. நம் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்கு முன்பக்கமாக ஓடி ஒரு துளை வழியே பின்னால் போவதால் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கணவாய்க்கு நரம்பு பின்பக்கமே கிளம்புகிறது, குருட்டுப் புள்ளி கிடையாது. பிளான் நமக்குத்தான் கொஞ்சம் கோளாறு.

தொகுதிகளை ஒப்பிட எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

புத்தகத்தில் பெரிய அட்டவணை இருக்கும். அதை மனப்பாடம் செய்வதற்கு முன் நாலு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் திசுக்கள் உண்டா? கடற்பஞ்சுக்கு இல்லை. செல்கள் கூட்டாக வாழ்கின்றன, அவ்வளவே. கருவில் எத்தனை அடுக்கு? சொறிக்கும் பவளத்துக்கும் இரண்டு, தட்டைப்புழுவிலிருந்து நம் வரை மூன்று. மூன்றாவது அடுக்கு வந்த பிறகுதான் ஒழுங்கான தசையும் உறுப்பும் சாத்தியமாயிற்று. உடம்பு வட்டமாகப் பிரிகிறதா, இட வலமாகவா? இட வலம் என்றால் தலை, வால் என்று வந்துவிடும், போகிற திசை என்று ஒன்று வந்துவிடும். குடலுக்கும் உடற்சுவருக்கும் நடுவே உண்மையான உடற்குழி இருக்கிறதா? தட்டைப்புழுவுக்கு இல்லை, உருளைப்புழுவுக்கு அரைகுறை, மண்புழுவுக்கு உண்டு. இந்த உடற்குழி சமாச்சாரத்துக்கு நம் தேர்வுகளில் கொடுக்கும் மதிப்பு கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். குழி இருக்கிறதா இல்லையா என்பது பல வம்சங்களில் மாறி மாறி வந்திருக்கிறது.

ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். கருவில் முதலில் விழும் துளை வாயாகிறதா, ஆசனவாயாகிறதா? நண்டு, நத்தை, மண்புழு கோஷ்டியில் வழக்கமாக அது வாய். நட்சத்திர மீனுக்கும் நமக்கும் ஆசனவாய். நண்டுக்குக் கண் இருக்கிறது, கால் இருக்கிறது, சண்டைகூடப் போடுகிறது. நட்சத்திர மீனுக்கு மூளையே இல்லை. ஆனாலும் மனிதனுக்கு நெருங்கிய சொந்தம் நட்சத்திர மீன்தான். பார்த்தால் வட்டமாக இருக்கிறதே என்றால், அதன் இளம் உயிரியைப் பாருங்கள், நம்மைப் போல் இட வலம் உள்ளது. வளர்ந்த பிறகுதான் ஐந்தாகப் பிரிகிறது.

யானைக்கால் நோயில் எத்தனை தொகுதி சம்பந்தப்பட்டிருக்கிறது?

மூன்று. புழு உருளைப்புழுத் தொகுதி, அதைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கணுக்காலி, மாட்டிக்கொள்ளும் நாம் முதுகுநாணி. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த நோய் புதிதில்லை. 1975இல் அங்கே தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் யானைக்கால் கொசுவைக் குறைக்கும் திட்டத்தை நடத்தியது. தேங்கும் சாக்கடையைச் சரிசெய்வதுதான் அதில் பெரிய வேலை.

இதில் ஒரு வேடிக்கை. கொசுவின் உடம்புக்குள் போன இளம்புழு இரண்டு தடவை தோல் உரிக்கும். அதற்கு இடம் கொடுத்த கொசுவும் தண்ணீரில் புழுவாக இருந்தபோது தோல் உரித்துத்தான் வளர்ந்தது. இரண்டும் தற்செயலா? மரபணுக்களை ஒப்பிட்டு 1997இல் வந்த ஆய்வு, தோல் உரிக்கும் இந்த விலங்குகள் எல்லாம் ஒரே பெருங்குடும்பம் என்றது. அதுவரை, உடம்பு வளையம் வளையமாக இருப்பதால் மண்புழுவும் பூரானும் நெருங்கிய சொந்தம் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது பூரானுக்கு உருளைப்புழு நெருக்கம், மண்புழுவுக்கு நத்தை நெருக்கம்.

கணுக்காலிகள் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?

பெயர் வைக்கப்பட்ட விலங்குகள் சுமார் 15 லட்சம் சிற்றினம் என்றால், அதில் பூச்சிகள் மட்டும் 10 லட்சம். முதுகெலும்பிகள் ஒரு லட்சம்கூட இல்லை, அதிலும் பாதி மீன்கள். காரணம் அந்த வெளிக்கூடுதான். கவசமும் அதுவே, தண்ணீர் காயாமல் காப்பதும் அதுவே, தசை பிடித்துக்கொள்ளும் எலும்பும் அதுவே. மூட்டு மூட்டாக இருப்பதால் ஒரு ஜோடிக் கால் நடக்க, இன்னொன்று மெல்ல, இன்னொன்று நீந்த என்று எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பூச்சிகளுக்கு அப்புறம் சிறகும் கிடைத்தது. குறை ஒன்று உண்டு. வளர வேண்டுமென்றால் கூட்டைக் கழற்ற வேண்டும். சந்தையில் சில நண்டு கனமில்லாமல், அமுக்கினால் உள்வாங்கும். அது கூடு மாற்றி இன்னும் சதை பிடிக்காத நண்டு. வாங்காதீர்கள்.

இன்னொன்று: சிலந்தி பூச்சி அல்ல. எட்டுக் கால். கடையில் விற்கும் ஒரு கைடு இதைத் தப்பாகப் போட்டிருக்கிறது, பெயர் வேண்டாம்.

படகு அடியில் ஒட்டும் கூர்மையான வெள்ளை ஓடு சங்கு வகையா?

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். விலங்கியலில் பெரிய ஆளான பிரெஞ்சுக்காரர் கூவியேகூட மெல்லுடலிகளோடு சேர்த்தார். 1830இல் ஜான் வான் தாம்சன், அதன் இளம் உயிரி இறால் குஞ்சு மாதிரி கால் வைத்து நீந்துவதைக் கண்டு, இது கணுக்காலி என்று காட்டினார். தலைகீழாக ஒட்டிக்கொண்டு, ஓட்டுக்குள்ளிருந்து காலை நீட்டி உணவை வாருகிற இறால் என்று வைத்துக்கொள்ளலாம். டார்வின் இந்த ஒரு கூட்டத்துக்காக 1846 முதல் எட்டு வருஷம் செலவழித்தார். சிற்றினத்துக்குச் சிற்றினம் கோடு எங்கே போடுவது என்று அவர் திண்டாடியது அதில்தான்.

அதே படகடியில், அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் பை போன்ற அசிடியாவும் இருக்கும். பார்த்தால் அழுகிய பழம். ஆனால் குஞ்சுப் பருவத்தில் தலைப்பிரட்டை போல வாலும், அதில் முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு போன்ற முதுகுநாணும் உண்டு. 1866இல் கோவலெவ்ஸ்கி இதைக் கண்டார். நமக்கு நட்சத்திர மீனைவிடவும் நெருக்கம். சொந்தம் கண்டுபிடிக்கக் குழந்தைப் பருவத்தைப் பார் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வது இதனால்தான்.

சிற்றினம் என்றால் என்ன? பார்க்க ஒரே மாதிரி இருந்தால் ஒரே சிற்றினமா?

இயற்கையில் தங்களுக்குள் இணைந்து, இனப்பெருக்கத் திறனுள்ள குட்டிகளைப் பெறுகிற கூட்டம் என்பது வழக்கமான விடை. பார்வை மட்டும் போதாது. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற கொசுவை வெகுகாலம் ஒரே சிற்றினம் என்று நினைத்தோம். உள்ளே ஐந்து இருக்கின்றன. ஏ, பி, சி, டி, இ என்று எழுத்து வைத்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. குரோமோசோமின் பட்டைகளைப் பார்த்துத்தான் பிரித்தார்கள். பி பெரும்பாலும் மாட்டைக் கடிக்கும், மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாது. ராமேசுவரம் தீவில் நோய் பரப்பியது இ. எல்லாவற்றையும் ஒன்று என்று எண்ணினால் மருந்தை வேண்டாத ஊரில் அடித்து, வேண்டிய ஊரில் விட்டுவிடுவோம்.

இந்த விடைக்கும் ஓட்டை உண்டு. புதைபடிவத்துக்குள் யார் யாரோடு இணைந்தார்கள் என்று எப்படிக் கேட்பது? தனியாகவே இனம் பெருக்கும் உயிர்களை என்ன செய்வது? அங்கே உடல் அமைப்பையும் மரபணுவையும்தான் நம்ப வேண்டும்.

ஒரு சிற்றினம் எப்படி இரண்டாகிறது?

பெரும்பாலும் ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் நீலநிறச் சோலைக்குருவி ஒன்று இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு சிற்றினம், தெற்கே வேறு. (இந்தக் கணவாய் மலை இடைவெளி, குழம்புக் கணவாய் இல்லை.) வெயில் காயும் தாழ்நிலம் குளிர்ந்த சோலையில் வாழும் குருவிக்குக் கடல் மாதிரி. இந்தப் பக்கம் வந்த மாற்றம் அந்தப் பக்கம் போகாது. தலைமுறை தலைமுறையாக வேறுபாடு சேர்ந்துகொண்டே போய், கடைசியில் பெயரே வேறாகிவிட்டது.

நாம் உயிரோடு இருக்கும்போதே பார்க்கக்கூடிய பரிணாமமும் உண்டு. 1950களில் டி.டி.டி. அடித்தபோது கொசு கொத்துக் கொத்தாகச் செத்தது. பிறகு சாகவில்லை. கொசு மருந்துக்குப் "பழகிவிட்டது" என்று பேச்சில் சொல்கிறோம், தப்பு. தனிக் கொசு பழகவில்லை. மருந்தைத் தாங்கும் சில கொசுக்கள் முதலிலிருந்தே கூட்டத்தில் இருந்தன. மற்றவை செத்ததும் இவற்றின் பிள்ளைகளால் ஊர் நிரம்பியது.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?

உங்கள் சித்தப்பா பிள்ளை இன்னும் இருக்கிறாரே, அது போல. நாமும் இன்றைய குரங்குகளும் ஒரு பாட்டன் வழிப் பங்காளிகள்.

இதே தப்பைப் பிச்சாவரத்திலும் செய்வார்கள். சேற்றில் தாவிப் போகும் மீனைக் காட்டி, "இது இப்போ தரைக்கு வந்துக்கிட்டிருக்கு" என்பார்கள். அது எங்கும் வந்துகொண்டிருக்கவில்லை. சுரபுன்னைச் சேற்றில் பிழைக்கத் தெரிந்த, முழுசான மீன் அது. நாற்கால் விலங்குகள் சதைத் துடுப்பு மீன்களின் வேறொரு வம்சத்திலிருந்து சுமார் 37 கோடி வருஷத்துக்கு முன்பே கிளம்பிவிட்டன. அந்தக் கணக்கில் பார்த்தால் மத்தி மீன் சுறாவைவிட மாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். 'மீன்' என்பது சந்தையில் நல்ல சொல், மரபுக் கொடியில் அது ஒரு கிளை ஆகாது.

லத்தீன் பெயர் எதற்கு? தமிழ்ப் பெயர் போதாதா?

மத்தி என்றால் ஒரு ஊரில் புரியும், அதே மீனைக் கவலை என்று கேட்டு வாங்கும் ஊரும் உண்டு. அறிவியல் பெயர் எல்லா ஊருக்கும் ஒன்று. சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் போட்ட பட்டியலிலிருந்துதான் விலங்குப் பெயர்கள் கணக்கில் வரும். மத்திக்கு சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் என்று 1847இல் பெயர் வைத்தவர் வலென்சியன். வைத்தது புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குப் போன மீனை வைத்து.

கௌதாரி இன்னும் நல்ல உதாரணம். சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய வர்ணனையை வைத்து, ஜெர்மனியில் இருந்த கிமெலின் 1789இல் 'பாண்டிசெரியானஸ்' என்று பெயரிட்டார். புதுச்சேரிக்காரன் என்று அர்த்தம். முதலில் அவர் வைத்த பேரினம் டெட்ராவோ. பிறகு ஃபிராங்கோலினஸ் ஆயிற்று. மரபணு பார்த்தபின் இப்போது ஆர்டிகோர்னிஸ். கதவு எண் மாறாமல் தெருவின் பெயர் மட்டும் மாறிய கதை. பேரினம் மாறியிருந்தால் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள்: (கிமெலின், 1789). தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் புதைபடிவம் கிடைக்குமா?

கிடைக்கும், கல்லாகிப்போன மரம் மட்டுமில்லை. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் கிட்டிய கடல் ஓடுகளை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். அதில் அம்மோனைட்டுகள் ஏராளம்; ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாயின் பங்காளிகள். ஃபோர்ப்ஸ் அவற்றுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: இந்திரா, சூர்யா, பிரம்மா. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன் டைனோசர்களோடு அந்தக் கிளை முடிந்தது. விருத்தாசலம் வரை கடல் இருந்ததற்கு அந்த ஓடே சாட்சி.

ஓங்கில் (டால்பின்) மீனா, இல்லையா?

இல்லை. நுரையீரல், பால், சூடான ரத்தம். வால்கூட மீன் போல இட வலமாக அடிக்காது, மேலும் கீழும் அடிக்கும், நான்கு கால் பாய்ச்சலில் முதுகு வளைவது போல. லின்னேயஸே 1758 பதிப்பில்தான் திமிங்கிலங்களை மீன் வகையிலிருந்து பாலூட்டிக்கு மாற்றினார். இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றில் அதற்கு நெருக்கம் நீர்யானை. காஷ்மீரில் கிடைத்த இந்தோஹையஸ் என்ற சிறு குளம்பு விலங்கின் காது எலும்பு திமிங்கிலக் காது மாதிரியே இருக்கிறது.

தொல்காப்பியத்திலேயே வகைப்பாடு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

தமிழாசிரியர் ஒருவர் கேட்டது. தொல்காப்பியர் மரபியல் என்ற இயலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கியிருக்கிறார். நந்தும் முரளும் ஈரறிவு: நத்தை, சிப்பி, இரண்டும் மெல்லுடலி, பொருத்தமாகச் சேர்ந்துவிட்டன. சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு. இங்கே கணுக்காலிகள் இரண்டு படியில் பிரிந்துவிடுகின்றன, ஆனால் நண்டையும் தும்பியையும் ஒரே படியில் வைத்த கண் சாதாரணக் கண் இல்லை. அவர் பார்த்தது புலன்களை, நாம் பார்ப்பது வம்சத்தை. அது ஏணி, இது மரம். இதில் பரிணாமம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் ஏற்பதில்லை. இல்லாததைச் சேர்த்தால்தான் அதற்குப் பெருமை என்றும் இல்லை.

தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதவா, புதுசை எழுதவா?

மதிப்பெண் வேண்டும் என்றால் புத்தகத்தில் உள்ளதை.

துறைமுகத்துக்கு எங்கள் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஆறு மணிக்குள் வர வேண்டும், பழைய சட்டை, ரப்பர் செருப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது வந்தால் கட்டிய படகுகளைத்தான் பார்க்கலாம். கடல் அட்டை கிடைத்தால் தொட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம். 2001 முதல் அது புலி, யானையோடு ஒரே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, கையில் வைத்திருந்தாலே வழக்கு. முட்தோலிக்கு நட்சத்திர மீனே போதும்.